வெள்ளனப் பாட்டு

அந்தச் சொல்லைப் பார்த்ததும் கனகத்துக்கு மனசு லேசானது. காலையிலிருந்து வந்ததெல்லாம் பல்லை உடைக்கும் பெயர்கள். இது மூன்றே எழுத்து. ஆல்பா. இடைக்கால ஐரோப்பாவில் வழங்கிய விடியற்காலைப் பாட்டு வகை என்று பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. விடியற்காலைப் பாட்டென்றால் தமிழச்சியிடமா கேட்பது என்று நினைத்துக்கொண்டு, ‘பள்ளியெழுச்சி: துயில்கொள்பவரை எழுப்பப் பாடப்படுவது’ என்று தட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள்.

அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்து மழைக்காலம். பேகம்பேட்டில் விமான நிலையத்துக்கு எதிரே ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவளுக்கு வேலை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இலக்கியச் சொற்களுக்கெல்லாம் இந்திய மொழிகளில் அகராதி செய்து இணையத்தில் போடுவதாக இருந்தது. தமிழுக்கு ஆள் தேடியபோது கனகம் கிடைத்தாள். சிவகங்கைப் பக்கத்துப் பெண், எம்.ஏ. தமிழ். கணவர் சாம்பசிவத்துக்கு ராணுவப் பணிமனையில் மெக்கானிக் வேலை கிடைத்ததால் கல்யாணமான கையோடு செகந்திராபாத் வந்தவள். வந்த பிறகு ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். சாம்பசிவம் மாரடைப்பில் போனார். பிள்ளைகள் வராததால் பள்ளியில் தமிழ்ப் பிரிவையும் மூடினார்கள். அல்வாலில் அவர் கட்டிவிட்டுப் போன இரண்டு அறை வீடும், கிருஷ்ணகுமார் என்ற ஒரே மகனும்தான் மிச்சம். மகனை வீட்டில் கிச்சு என்பார்கள்.

ஆல்பா மறுநாளே திரும்பி வந்தது. எழுதுவதையெல்லாம் சென்னையில் பாலசுப்ரமணியன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் சரிபார்ப்பார். அவர் குறிப்புகள் சிவப்பு எழுத்தில் திரையில் வரும். யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. இந்த முறை இப்படி எழுதியிருந்தார்: “அம்மையீர், பள்ளியெழுச்சி அன்று. இந்தப் பாட்டில் எவரும் தூங்கவில்லை. விழித்திருக்கும் இருவர், விடிந்துவிட்டதே என்று வருந்திப் பிரிகிறார்கள். திருத்துக.”

கனகம் இரண்டு தடவை படித்தாள். விடிந்துவிட்டதே என்று வருந்துவதா? விடியல் என்றால் நல்லது என்றுதான் அவள் படித்ததும் படிப்பித்ததும். பக்கத்து நாற்காலியில் வர்ஷினி இருந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், வயதில் கனகத்தின் மகள்போல இருப்பாள், ஆனால் அவள்தான் இந்தப் பிரிவுக்குத் தலைவி.

“வர்ஷினி, விடிஞ்சா யாராச்சும் பிரிவாங்களாம்மா?”

“என் போன வேலைல எல்லாரும் அப்பதான் மேம் பிரிவாங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு, ஆளுக்கொரு கேப்புல ஏத்தி விட்டுருவாங்க.”

“அதில்லம்மா. ஒரு ஆணும் பொண்ணும்.”

வர்ஷினி திரையை எட்டிப் பார்த்தாள். “ஓ. பிரேக்கப் பாட்டா?”

“இல்ல போலிருக்கே. சாயங்காலம் மறுபடியும் வருவான் போல.”

“அப்புறம் எதுக்கு மேம் அழறாங்க?”

அதுதான் கனகத்துக்கும் தெரியவில்லை. ‘விடியலில் பிரிவோர் பாட்டு’ என்று எழுதி, பிடிக்காத குழம்பை இலையின் ஓரம் ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கி வைத்தாள்.

தெரியவில்லை என்று சொன்னது முழு உண்மையும் இல்லை. அந்த நாட்களில் அல்வால் வீட்டில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அதை அவள் தனக்குத்தானே கூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

பத்மநாபனை அவள் பார்த்தது மின்சார ரயிலில். செகந்திராபாத்திலிருந்து பேகம்பேட் வரை எட்டிப்போடுகிற தூரம்தான், ஆனால் நின்றுகொண்டு போனால் நீளமாகத் தெரியும். ஒருநாள் அவள் கையிலிருந்த தமிழ் வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, “படிச்சிட்டுத் தர்றீங்களா?” என்று கேட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தோடு வந்து செகந்திராபாத்தில் தங்கிவிட்ட குடும்பம். தமிழ் பேசுவார், நடுநடுவே ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று ஊர்ப் பாஷை வரும். விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் ஒரு ஏஜென்சிக்குக் கணக்கர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மனைவி பிரிந்துபோய், கோர்ட்டிலும் தீர்ந்து, பல வருஷமாகியிருந்தது. பொல்லாரத்தில் தனியாக இருந்தார். முதலில் பத்திரிகை கை மாறியது. அப்புறம் சாப்பாட்டு டப்பா. அப்புறம் ஒரு மழை நாளில் ஸ்கூட்டரில் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார், கனகம் உள்ளே வந்து தலை துவட்டிக்கொள்ளச் சொன்னாள்.

கிச்சுவுக்கு மாதாப்பூரில் கால் சென்டர் வேலை. சாயங்காலம் கேப் வந்து கூட்டிப்போகும், விடிகிற நேரத்தில் கொண்டுவந்து விடும். வீட்டில் கிச்சு, அங்கே அமெரிக்கர்களுக்கு கிறிஸ். அவன் போன பிறகு பத்மநாபன் வருவார். ஸ்கூட்டரைத் தெருமுனை மருந்துக் கடை வாசலில் நிறுத்திவிட்டு நடந்து வருவார். திரும்பும்போது கேப் பக்கத்திலிருக்கும் லோத்துகுண்டா வந்ததும் கிச்சு அம்மாவின் செல்போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். வாசல் கேட் பூட்டைத் திறந்து வைப்பதற்காக அவர்களுக்குள் ஏற்பட்ட பழக்கம் அது. அந்த மணி ஒருதரம் அடித்து ஓய்ந்ததும் பத்மநாபன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடுவார். போகிறேன் என்று சொல்ல மாட்டார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும். அப்புறம் கனகம் முகத்தைக் கழுவிக்கொண்டு கேட்டைத் திறக்கப் போவாள்.

ஒரு வருஷம் போல இப்படியே போயிற்று. இது சரியா தப்பா என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க உட்கார்ந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது.

பேராசிரியரின் அடுத்த குறிப்பு நீளமாக வந்தது. “தெற்குப் பிரான்சில் பாணர்கள் பாடியது. பிறன் மனைவியான ஒருத்தியும் அவள் காதலனும் மறைவாகக் கூடியிருப்பர். கோட்டை மேலிருந்து காவலன் ஒருவன் விடிந்ததென்று குரல் கொடுப்பான். அவன் குரல் கேட்டதும் காதலன் பிறர் கண்ணில் படாமல் வெளியேறியாக வேண்டும். ஒவ்வொரு கண்ணியும் ஆல்பா என்ற சொல்லிலேயே முடியும். விளக்கத்தில் காவலன் இடம்பெற வேண்டும்.”

கனகம் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். திரையை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவருக்கு அல்வாலில் நடப்பது எப்படித் தெரியும்? எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டு என்று புத்திக்குத் தெரிந்தது, இருந்தும் சந்தேகம் போகவில்லை. வர்ஷினி ஏதாவது சொல்லியிருப்பாளோ? வர்ஷினிக்கே என்ன தெரியும்? தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி பதில் எழுதினாள்: “ஐயா, காவலன் யார் பக்கம்? கோட்டைக்காரனிடம் சம்பளம் வாங்குபவன் காதலர்க்கு ஏன் உதவுகிறான்?”

மத்தியானம் பதில் வந்தது. “நல்ல கேள்வி. பெரும்பாலும் அவன் காதலர் பக்கமே. ஆனாலும் அவன் குரல் வந்தால் பிரிய வேண்டுமாதலால் அவர்களுக்கு அவன்மேல் கோபமும் உண்டு. தமிழில் இதற்கு இணை வேண்டுமானால் பள்ளியெழுச்சியைத் தேடாதீர்கள். அகப்பொருளில் இரவுக்குறி நடத்தியிருப்பீர்களே?”

நடத்தியிருக்கிறாள். வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறாள். தலைவன் இரவில் வருவான், குறித்த இடத்தில் தலைவியைச் சந்திப்பான், விடியுமுன் போவான், தாய்க்குத் தெரியக்கூடாது. விடியற்காலை என்றதும் இது ஏன் நினைவுக்கு வராமல் கோயில் மணி மட்டும் நினைவுக்கு வந்தது? அவளுக்கே விளங்கவில்லை. இன்னொன்றும் இடித்தது. இலக்கணத்தில் தாய்க்குத் தெரியாமல் மகள் செய்கிறாள். இங்கே மகனுக்குத் தெரியாமல் தாய் செய்கிறாள். இதற்கு எந்த நூற்பாவைப் போய்த் தேடுவது?

அன்று சாயங்காலம் பேகம்பேட் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது பத்மநாபனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பையைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஆக, நம்ம கதைய பிரான்சுல முன்னாடியே பாடி வச்சிட்டாங்க.”

“சிரிக்காதீங்க. அந்தப் பாட்டுல வர்ற பொம்பளைக்குப் புருசன் இருக்கான். அதனால பயப்படுறா. எனக்கு யாரு இருக்கா? நான் எதுக்குப் பயந்துக்கிட்டு உங்களப் பின்கதவால அனுப்புறேன்?”

“அத நான் கேக்கணும் கனகம். நான் கேக்காம இருக்கேன்.”

“கிச்சு என்ன நினைப்பான்?”

“கேட்டுப் பாத்தாத்தானே தெரியும்?”

அவள் ரயில் வருகிற பக்கம் பார்த்தாள். அவர் வேறு விஷயத்தைச் சொன்னார். விமான நிலையத்தை ஷம்ஷாபாத்துக்கு மாற்றுகிறார்கள். மார்ச்சில் எல்லாம் அங்கே போய்விடும், அவருடைய ஏஜென்சியும்தான். பொல்லாரம் ஊரின் வடகோடி, ஷம்ஷாபாத் தென்கோடி. தினமும் போய்வர முடியாது, அங்கேயே வீடு பார்க்க வேண்டும்.

“தனி வீடா பாக்கட்டுமா, ரெண்டு பேருக்கா பாக்கட்டுமா? நீங்க சொல்ற மாதிரி பாக்குறேன். ஜல்தி நக்கோ. மார்ச்சுக்கு இன்னும் நாள் கெடக்கு.”

ரயில் வந்தது. கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கமாக ஏறினார்கள். இரண்டு பேருக்கா என்று அவர் கேட்டது கல்யாணத்தைத்தானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. கேட்காமல் விட்டுவிட்டோமே என்று செகந்திராபாத் வரை நினைத்துக்கொண்டே போனாள். இறங்கியதும் அவரைத் தேடினாள். அதற்குள் அவர் பஸ் பிடிக்கப் போயிருந்தார்.

அலுவலகத்தில் ஆல்பா முடிவதாயில்லை. சொல்லின் பிறப்பையும் எழுத வேண்டும் என்று மேலிடம் கேட்டது. பேராசிரியர் விளக்கினார். லத்தீனில் வெள்ளை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. வானம் வெளுக்கும் நேரமாதலால் அதுவே விடியலுக்குப் பெயராகி, பிறகு விடியற்பாட்டுக்கும் பெயராயிற்று.

இதைப் படித்தபோது, பல நாட்களில் முதல்முறையாக, கனகத்துக்கு ஏதோ ஒன்று தெளிவாகப் புரிந்தது. அவள் ஊரில் விடியற்காலையை ‘வெள்ளன’ என்பார்கள். வெள்ளன எழுந்திரு, வெள்ளன கிளம்பினால் வெயிலுக்கு முந்தி போய்ச் சேரலாம். வெளுக்கிற நேரம், அதனால் வெள்ளன. பிரான்சுக்காரனும் சிவகங்கைக்காரியும் ஒரே வானத்தைப் பார்த்து ஒரே மாதிரிதான் பெயர் வைத்திருக்கிறார்கள். சந்தோஷத்தில் ‘வெள்ளனப் பாட்டு’ என்று அடித்து அனுப்பிவிட்டாள்.

“அழகாக இருக்கிறது,” என்று சிவப்பு எழுத்து வந்தது. “ஆனால் வட்டார வழக்கு. சென்னையில் படிப்பவருக்குப் புரியாது. மேலும் ஒரு சிக்கல். பிற்காலத்தில் இதே வகையில் இறைவனைப் பாடினார்கள். அந்தப் பாட்டுகளில் விடியல் வரவேற்கப்படுகிறது. இதிலிருந்து கிளைத்த ஓபாட் என்ற வகையிலோ, காதலியைத் துயிலெழுப்பச் சாளரத்தின் கீழே பாடுவதும் உண்டு. ஆகவே நீங்கள் முதலில் எழுதிய பள்ளியெழுச்சி முற்றிலும் பிழை என்று நான் கூறியிருக்கக் கூடாது.”

கனகம் தலையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் எழுப்புவது என்றாள், இல்லை பிரிவது என்றார். பிரிவது என்றாள், எழுப்புவதும் உண்டு என்கிறார். விடியல் வேண்டாம் என்று அழுகிற பாட்டும் விடியலே வா என்கிற பாட்டும் எப்படி ஒரே பெயரில் இருக்கும்?

“ரெண்டு அர்த்தம்னு போட்ருங்க மேம்,” என்றாள் வர்ஷினி. “ஒன்னு, ரெண்டுன்னு நம்பர் போட்டா முடிஞ்சுது.”

இதற்கிடையில் வீட்டில் ஒரு சின்ன மாற்றம் இருந்தது. மிஸ்டு கால் வருவதற்கும் கேப் வந்து நிற்பதற்கும் நடுவே முன்பெல்லாம் பாலை அடுப்பில் வைக்கிற நேரம்தான் இருக்கும். இப்போது பால் காய்ந்து, டிகாஷன் இறங்கி, பத்மநாபன் நிதானமாகக் காபி குடித்துவிட்டுக் கிளம்பினாலும் கேப் வருவதில்லை.

“ரோட்டுல வேலை நடக்குதாப்பா? இப்பல்லாம் போன் வந்து ரொம்ப நேரம் கழிச்சு வர்றியே,” என்று ஒருநாள் கேட்டாள்.

“ஏம் லேதும்மா,” என்றான் கிச்சு தெலுங்கில். வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இங்கிலீஷிலோதான் பதில் வரும். ஒன்றுமில்லை என்றவன், “டிரைவர் ஸ்லோ,” என்று சேர்த்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

டிசம்பரில், பனி இறங்கிய ஒரு விடியற்காலையில், மணி அடிக்கவே இல்லை. மாதாப்பூர் அலுவலகத்தில் ஏதோ மின்சாரக் கோளாறு, எல்லாரையும் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். கிச்சுவின் போனில் சார்ஜ் இல்லை. கேட் பூட்டியிருந்ததால் அவன் சுவர் ஏறிக் குதித்து, கொல்லைப் பக்கமாக வந்து, சமையலறைக் கதவைத் தள்ளினான். உள்ளே பத்மநாபன் பனியனோடு அடுப்பு முன்னால் நின்று பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கனகம் தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

பால் பொங்கி வழிந்தது, பத்மநாபன்தான் அணைத்தார்.

“குட் மார்னிங் சார்,” என்றான் கிச்சு. கால் சென்டரில் பேசுகிற குரல் அது. வீட்டில் அந்தக் குரலை கனகம் கேட்டதேயில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இருவருக்கும் நடுவே நடந்து தன் அறைக்குப் போனான். தாழ்ப்பாள் விழுந்தது.

பத்மநாபன் சட்டையை எடுத்தார். இந்தத் தடவை பின்கதவுக்குப் போகவில்லை. “முன்வாசல் வழியா போறேன். இனிமே கைக்கு? எதுக்கு ஒளியணும்?” என்றார். அவளே சாவியை எடுத்துப் போய் கேட்டைத் திறந்தாள். எதிர்வீட்டு அம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கோலத்தைத் தொடர்ந்தாள்.

அன்று கனகம் வேலைக்குப் போகவில்லை. மகன் எழுந்து வந்தால் என்ன சொல்வது என்று மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்தாள். அவன் எழுந்தான், குளித்தான், சோறு போட்டதைச் சாப்பிட்டான், கேப் வந்தது, போனான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள், அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பாள். இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுநாள் விடிந்தும் அவன் வரவில்லை. மாதாப்பூரில் நண்பன் ரஞ்சன் அறையில் தங்குவதாகச் செய்தி மட்டும் போனில் வந்தது. அடுத்த நாளும் அப்படியே. பத்மநாபனும் வரவில்லை. அவள்தான் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். யாரும் வராத வீட்டில் விடியும் முன்பே விழித்துக்கொண்டு, அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாரக் கடைசியில் அவளே மாதாப்பூர் போனாள். புதுக் கட்டடங்களின் கண்ணாடியெல்லாம் வெயிலை வாரி முகத்தில் அடித்தது. ரஞ்சனின் அறை ஒரு மாடிப்படியின் உச்சியில் இருந்தது. கிச்சு அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தான். கீழே இரானி ஓட்டலுக்குக் கூட்டிப்போய் இரண்டு டீ சொன்னான்.

“உனக்கு எம்மேல கோவமாப்பா?”

“தெலீதும்மா.” தெரியவில்லை என்றான். பிறகு, அவளுக்காக என்பதுபோல, தமிழுக்கு மாறினான். அவன் தமிழ் தடுக்கித் தடுக்கி வந்தது. “எனக்கு முன்னாடியே தெரியும்.”

“எது தெரியும்?”

“அங்கிள் வர்றது. மழை டைம்ல ஒரு நாள் கேப் சீக்கிரம் வந்துச்சு. மெடிக்கல் ஷாப் கிட்ட பாத்தேன், ஸ்கூட்டர் எடுக்கறாரு. ஷர்ட் பட்டன் தப்பா போட்டிருக்காரு. அப்புறம் நான் லோத்துகுண்டாலேர்ந்து கால் பண்றத விட்டேன். அதுக்கு முன்னாடியே வர்ற கார்க்கானாலேர்ந்து பண்ணேன். அப்புறம் இன்னும் தூரம், பாரடைஸ்லேர்ந்து.”

கனகத்துக்கு உடனே பிடிபடவில்லை. “எதுக்குப்பா?”

“டைம் வேணும்ல? உங்களுக்கு.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. பால் காய்ந்து காபி இறங்கி அவர் நிதானமாகக் குடித்துவிட்டுப் போன காலைகளெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அந்த நேரத்தையெல்லாம் இவன்தான் கொடுத்திருக்கிறான், ஓடுகிற வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு.

“தெரிஞ்சும் சும்மா இருந்தவன் இப்ப ஏன்ப்பா வீட்டுக்கு வர மாட்டேங்குற?”

கிச்சு மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினான். “தெரியறது வேறம்மா. பாக்கறது வேற. அப்பா வீட்டுல, அப்பா நின்ன எடத்துல ஒருத்தர் பனியனோட நிக்கறாரு. எனக்கு அது சரின்னுதான் தோணுது. ஆனா பாக்க முடியல. ஏன்னு கேட்டா தெரியல.”

“நான் வேணா அவர வர வேணாம்னு சொல்லிர்றேன்.”

“அது கூடாது,” என்றான் அவசரமாக. “அப்படிப் பண்ணா நான் பேசவே மாட்டேன்.”

“அப்ப நான் என்னதான் செய்யிறது?”

“கல்யாணம் பண்ணிக்கோம்மா. ப்ராபரா. நான் கையெழுத்துப் போடறேன்.”

சொல்லிவிட்டு அவன் எழுந்து கல்லாவுக்குப் போனான். இவன் தன்னை அவரோடு போக விடுகிறானா, தன்னை விட்டுப் போகிறானா என்று கனகத்துக்குப் புரியவில்லை. படியேறும் முன் அவன் திரும்பி வந்து, டப்பாவில் அவள் கொண்டுபோயிருந்த புளியோதரையை வாங்கிக்கொண்டான். அது நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். பத்மநாபன் பக்கம் அவருடைய தங்கை ஸ்ரீலேகா வந்து, கனகத்தை “அண்ணி” என்று கூப்பிட்டாள். அதைக் கேட்டு கனகம், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தாள். கிச்சு சாட்சிக் கையெழுத்துப் போட்டான். முழுப்பெயரை எழுதாமல் பாதியில் நிறுத்தி, அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டு, மீதியை எழுதினான். பத்மநாபனோடு கை குலுக்கினான். இந்தத் தடவை சார் என்று சொல்லவில்லை, வேறு எதுவும் சொல்லவுமில்லை. சிவகங்கையிலிருந்து யாரும் வரவில்லை. அவளுடைய அண்ணன் வைத்தியநாதன் போனில், “இந்த வயசுல எதுக்கும்மா?” என்று கேட்டார். “தெரியலண்ணே,” என்றாள்.

ஆல்பாவின் கதையும் அதே வாரத்தில் முடிந்தது. பேராசிரியரும் அவளும் கடைசியில் ‘விடியற்பிரிவுப் பாட்டு’ என்பதில் நின்றார்கள். இரண்டாம் பொருளாக எழுப்பும் பாட்டையும் சேர்த்தார்கள். வெள்ளன என்ற சொல்லை அவர், தலைப்பாக வேண்டாம், சொற்பிறப்பின் கீழே ஒப்பிட்டுக் காட்டலாம் என்று அனுமதித்தார். “இத்தனை குறிப்புகள் வேறு எந்தச் சொல்லுக்கும் நாம் பரிமாறிக்கொண்டதில்லை, ஏனென்று தெரியவில்லை,” என்று அடியில் எழுதியிருந்தார். கனகம் அதற்குப் பதில் எழுதத் தொடங்கி, நான்கு வரிகளை அடித்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ‘நன்றி ஐயா’ என்று மட்டும் அனுப்பினாள். அந்த அகராதி இணையத்தில் வரவே இல்லை. அந்த வருஷக் கடைசியில் அமெரிக்காவில் பணம் முடங்கியதென்று கம்பெனி தமிழ்ப் பிரிவை மூடிவிட்டது. வர்ஷினி பெங்களூர் போனாள்.

அல்வால் வீட்டை வாடகைக்கு விட்டார்கள். கிச்சு மாதாப்பூரிலேயே ரஞ்சனோடு தங்கிவிட்டான்.

ஷம்ஷாபாத் வீட்டில் முதல் காலையில் கனகம் கண் விழித்தபோது அறை முழுக்க வெளிச்சமாக இருந்தது. ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. ஜன்னல் தப்பான பக்கத்தில் இருந்தது. போன் அடித்துத் தான் கேட்காமல் தூங்கிவிட்டோம் என்று பதறி எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் பத்மநாபன் இல்லை. வேலைக்குப் போயிருந்தார். போகும்போது எழுப்பவில்லை. கேட்டைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தார், தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்க்கும்படியாக. மேலே ஒரு விமானம் தாழப் பறந்து போயிற்று.

கிச்சுவைக் கூப்பிட்டாள். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படுக்கப் போகிறேன் என்றான்.

“சாப்டியாப்பா?”

“ஹாம்மா. நீ?”

“இப்பத்தான் எந்திரிச்சேன்.”

“இவ்ளோ லேட்டாவா?” அவன் குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. “உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். யாரும் எழுப்பல.”

அந்தப் பக்கம் கொட்டாவி கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான். எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேட்டான். அவளுக்கு இன்னும் அந்தப் பக்கத்து பஸ் நம்பர் எதுவும் தெரிந்திருக்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, பால் எங்கே கிடைக்கும் என்று கேட்க வாசலுக்குப் போனாள்.